இரண்டு ‘வேண்டாம்’: மியூன்ஸ்டரில் ஒரு பரிமாற்ற மாணவியின் முதல் மாதங்கள்

அக்டோபர் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணி இருக்கும். ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரத்திலிருந்து ஒரு ஹோஸ்ட் அம்மா, அதாவது பரிமாற்ற மாணவியைத் தன் வீட்டில் தங்கவைத்திருப்பவர், கூப்பிட்டார். எப்போதும் எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வருகிறவர், அன்று வானிலை, பள்ளி விடுமுறை என்று எங்கெங்கோ சுற்றினார். அப்புறம்தான் சொன்னார்: “அவளுக்கு எங்கள் வீடு ஒத்துவரவில்லை போலிருக்கிறது. வேறு குடும்பம் பார்ப்பது அவளுக்கு நல்லதோ என்னவோ.”

என்ன நடந்தது என்று கேட்டேன். சரியாகச் சாப்பிடுவதில்லை, கூப்பிட்டுப் பேசுவதில்லை, எல்லோரும் மேசையில் உட்காரும் நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள் என்றார். கடைசியாக ஒரு டப்பாவைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது குரல் கம்மிவிட்டது.

மறுநாள் பள்ளி விட்டதும் மாணவியிடம் பேசினேன். அவள் அழவில்லை. நிதானமாகவே சொன்னாள்: “அவங்களுக்கு என்னைப் புடிக்கலீங்க அண்ணா. எதையுமே ரெண்டாவது தடவ கேக்க மாட்டேங்கறாங்க.”

அன்று இரவு இரண்டு பேர் சொன்னதையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தேன். இருவரும் ஒரே மேசையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மனிக்கு ஓராண்டுக்கு வரும் பள்ளி மாணவர்களுக்கும் அவர்கள் தங்கும் குடும்பங்களுக்கும் நடுவில் தொடர்பாளராக இருக்கும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். இருவருடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர்களும் அமைப்பும் பள்ளியும் இங்கே தேவையில்லை.

வீடும் பெண்ணும்

மாணவிக்கு 16 வயது. ஈரோட்டுப் பக்கம். அப்பாவுக்குத் துணிக்கடை. சைவச் சாப்பாடு. ஜெர்மன் மொழியில் ஏ2 என்ற அடிப்படை நிலைத் தேர்வு எழுதி முடித்து, செப்டம்பர் முதல் வாரம் வந்து சேர்ந்தாள். ஹோஸ்ட் அம்மா பிசியோதெரபிஸ்ட், அப்பா பொறியாளர், பத்து வயதில் ஒரு பையன். மூத்த மகள் அதே ஆண்டு அர்ஜென்டினாவுக்குப் பரிமாற்ற மாணவியாகப் போயிருந்ததால் அவள் அறை காலியாக இருந்தது. இப்படித் தன் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு இன்னொருவர் பிள்ளையை வரவேற்கும் வீடுகள் இங்கே நிறைய. இதற்காக அவர்கள் பணம் எதுவும் வாங்கவில்லை. ஜெர்மனில் ஹோஸ்ட் குடும்பத்தை ‘காஸ்ட்ஃபமீலியே’, அதாவது விருந்தினர் குடும்பம் என்பார்கள். ஆனால் வந்த பிள்ளையை விருந்தாளியாக நடத்தக் கூடாது, வீட்டுப் பிள்ளையாக நடத்த வேண்டும் என்பதுதான் எல்லாப் பயிற்சிகளிலும் குடும்பங்களுக்குச் சொல்லப்படும் முதல் பாடம். பின்னால் வந்த சிக்கலுக்கு இந்தப் பாடமும் ஒரு காரணம்.

பயிற்சி வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அவள் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். மக்கும் குப்பை ஒரு தொட்டி, காகிதம் ஒன்று, பேக்கேஜிங் ஒன்று, மிச்சமெல்லாம் ஒன்று. கண்ணாடி பாட்டில்களைத் தெருமுனையில் இருக்கும் பெரிய தொட்டிகளில் நிறம் பார்த்துப் போட வேண்டும். ஒரு முறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் டெபாசிட் உண்டு. சனிக்கிழமைகளில் பையனோடு சேர்ந்து காலி பாட்டில்களை சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் போட்டுச் சீட்டு வாங்கி வருவாள். குளித்து முடித்ததும் ரப்பர் பட்டையால் கண்ணாடித் தடுப்பில் தண்ணீரை வழித்துவிடுவாள். காலையில் எழுந்ததும் ஜன்னலை அகலத் திறந்து ஐந்து நிமிடம் காற்று விட்டு மூடுவாள். மியூன்ஸ்டரில் சைக்கிள் இல்லாமல் பிழைப்பு ஓடாது. லிண்டன் மரங்கள் சூழ, நகரத்தைச் சுற்றி வரும் நாலரை கிலோமீட்டர் ‘ப்ரோமெனாடே’ பாதையில்தான் பள்ளிக்குப் போவாள். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓட்டவும் பழகிவிட்டாள். “மியூன்ஸ்டரில் மழை பெய்யும், இல்லையென்றால் தேவாலய மணி அடிக்கும்; இரண்டும் சேர்ந்து வந்தால் அன்றைக்கு ஞாயிறு” என்று ஊரில் ஒரு சொலவடை உண்டு. அதைப் பையன் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும், சத்தம் போடும் வேலை எதுவும் செய்யக் கூடாது. அதுவும் அவளுக்குக் கஷ்டமாக இல்லை.

கண்ணுக்குத் தெரியும் விதிகள் எதிலும் அவள் தவறவில்லை.

மேசை

அந்த வீட்டில் மதியம்தான் சூடான சாப்பாடு, அதுவும் எல்லோரும் வீட்டில் இருந்தால். இரவுச் சாப்பாட்டுக்கு ‘ஆபெண்ட்ப்ரோட்’ என்று பெயர். பெயரிலேயே ரொட்டி இருக்கிறது: மாலை ரொட்டி. ஆறரை மணிக்கு மேசையில் ஒரு கூடை நிறைய ரொட்டித் துண்டுகள், வெண்ணெய், இரண்டு மூன்று வகைச் சீஸ், வெள்ளரிக்காய், தக்காளி, முள்ளங்கி, அவளுக்காக வாங்கிய காய்கறிப் பேஸ்ட் ஒன்று. கூடையில் பும்பர்நிக்கல் என்ற கறுப்பு ரொட்டியும் இருக்கும். மியூன்ஸ்டர் இருக்கும் வெஸ்ட்ஃபாலியா வட்டாரத்து ரொட்டி அது. குறைந்த சூட்டில் பதினாறு மணி நேரத்துக்கும் மேல் அடுப்பில் கிடந்து கருத்து, லேசாக இனிக்கும். தட்டுக்குப் பதில் ஆளுக்கொரு சின்ன மரப்பலகை. யாரும் யாருக்கும் பரிமாற மாட்டார்கள். கை நீட்டி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் நாள் அவள் கூடையில் இருந்த துண்டுகளை எண்ணியிருக்கிறாள். எட்டு. ஆள் நான்கு. தலைக்கு இரண்டு என்று கணக்குப் போட்டு, புதிதாக வந்தவள் ஆயிற்றே என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள். ஹோஸ்ட் அம்மா கூடையைத் தள்ளி வைத்து, “இன்னும் வேண்டுமா?” என்று கேட்டார். “நைன், டாங்கே” என்றாள். இல்லை, நன்றி. அவர் சரி என்று கூடையை மூடிவிட்டார். உண்மையில் அடுப்படி மேசையில் இன்னும் ஒரு முழு ரொட்டி இருந்தது. அவள் கேட்டிருந்தால் நறுக்கியிருப்பார்கள்.

ஈரோட்டில் அவள் வளர்ந்த வீட்டில் இந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். முதல் தடவை “வேண்டாமுங்க” என்பது மரியாதை. இரண்டாவது தடவை “இல்லீங்க, போதுமுங்க” என்பதும் மரியாதைதான். மூன்றாவதாக வருவதைக் கேட்கவே மாட்டார்கள், இலையில் விழுந்துவிடும். வந்தவரை ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டால், கேட்டதே ஒப்புக்குத்தான் என்று அர்த்தம். ‘எங்கிட்ட ஒப்புக்குத்தான் கேக்கறாங்க’ என்று அவள் எடுத்துக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஹோஸ்ட் அம்மாவின் பக்கமும் அதே அளவு நியாயமானது. இல்லை என்று சொன்ன ஆளை மறுபடி வற்புறுத்துவது அவர் வளர்ந்த விதத்தில் அநாகரிகம். அவள் சொல்லை மதிக்காதது போல ஆகிவிடும். அதிலும் பதினாறு வயதுப் பெண், தன் உடம்பு, தன் சாப்பாடு என்று அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டுக்கொடுப்பதைத்தான் அவர் அன்பாக நினைத்தார். வீட்டுப் பிள்ளையாக நடத்துங்கள் என்று நாங்கள் சொன்னதும் இதோடு சேர்ந்துகொண்டது. தன் மகளிடம் எதையாவது இரண்டு தடவை கேட்பாரா?

இதுவரை உள்ளதை யாரும் ஊகித்துவிடலாம். எனக்கே தெரியாமல் போன விஷயம் இன்னொன்று இருந்தது. மூன்றாவது வாரம் அவள் துணிந்து, சரி, ஒத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை மதியம் ரைபெகூகென் செய்திருந்தார்கள், உருளைக்கிழங்கைத் துருவிச் சுடும் அடை, ஆப்பிள் கூழோடு. அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. “இன்னொன்று?” என்று கேட்டதும் சிரித்த முகத்தோடு “டாங்கே!” என்றாள். தட்டு அவளைத் தாண்டிப் பையனிடம் போய்விட்டது.

ஜெர்மன் பேசுகிறவர்களுக்கு இது கண்ணில் படாத விஷயம். ஒன்றை நீட்டி வேண்டுமா என்று கேட்கும்போது வெறும் ‘டாங்கே’ என்று சொன்னால், பெரும்பாலும் ‘வேண்டாம், நன்றி’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வேண்டும் என்றால் ‘யா, கெர்னே’ என்றோ ‘யா, பிட்டே’ என்றோ சொல்ல வேண்டும். ஆங்கிலத்தின் ‘தேங்க் யூ’ பழகிய வாய்க்கு டாங்கே ஒத்துக்கொள்வதாகத் தோன்றும். ஆக, அவள் மரியாதைக்கு வேண்டாம் என்றதும் மெய்யான வேண்டாம் ஆயிற்று. ஆசையாக வேண்டும் என்றதும் வேண்டாம் ஆயிற்று. அடை தன்னைத் தாண்டிப் போனதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இனி இந்த வீட்டில் எதையும் கேட்பதில்லை என்று அன்றைக்கு மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

முதல் நாளே ஹோஸ்ட் அம்மா குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டி, “பசித்தால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள், கேட்க வேண்டியதில்லை” என்று சொல்லியிருந்தார். ஒரே ஒரு தடவை. அவர் சொன்னது உண்மையிலேயே அதே அர்த்தத்தில்தான். நம் பெண்ணுக்கு அது ‘நம்ம வீடு மாதிரி நெனச்சுக்கோங்க’ என்று வாசலில் சொல்வது போலக் கேட்டது. அப்படிச் சொன்னார்கள் என்பதற்காக அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜைப் போய்த் திறப்போமா?

கூப்பிட முடியாத பெயர், மூடிய கதவு

ஹோஸ்ட் அம்மா தன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். ‘டூ’ என்று ஒருமையில் பேசச் சொன்னார். இந்த நாட்டில் அது நெருக்கத்தின் அடையாளம். கொங்குப் பக்கத்தில் கைக்குழந்தையைக்கூட ‘வாங்க சாமி’ என்று கூப்பிட்டுப் பழகிய நாக்கு, 44 வயதுப் பெண்மணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட எழவே இல்லை. அதனால் ஏழு வாரமாக அவள் அவரை எப்படியுமே கூப்பிடவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் போய், அவர் திரும்பும் வரை நிற்பாள். “சமைத்துக்கொண்டிருக்கும்போது திரும்பினால் பின்னால் நிற்கிறாள். என் பெயரை அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை” என்று ஹோஸ்ட் அம்மா என்னிடம் சொன்னபோது, அதில் இருந்த வலி எனக்குப் புரிந்தது.

கதவு விஷயம் சின்னது. குளிர் தொடங்கியதும் வீட்டில் கூடத்துக் கதவை மூடி வைப்பார்கள், ஹீட்டரின் சூடு நடைவழிக்குப் போகாமல் இருப்பதற்காக. மூடியிருக்கும் கதவைத் தட்டி உள்ளே போய்த் தொலைக்காட்சி முன் உட்காரலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூடியிருக்கிறது என்றால் வராதே என்று அர்த்தம் என நினைத்தாள்.

போன் விஷயத்துக்குக் காரணம் கடிகாரம்தான். அவள் அப்பா கடையை அடைத்து வீட்டுக்கு வந்து கூப்பிடுவது இரவு ஒன்பதரைக்கு. கோடைக்கால நேரத்தில் ஜெர்மனி மூன்றரை மணி நேரம் பின்தங்கி இருக்கும், அதாவது இங்கே மாலை ஆறு. ஒரு மணி நேரம் பேசினால் மாலை ரொட்டியின் நேரம் நேராக மோதும். அப்பாவிடம் “சாப்பிட்டேன், நல்லா இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கீழே மேசையில் அவள் பலகை காலியாக இருந்திருக்கிறது.

டப்பா

ஊரிலிருந்து அவள் ஒரு எவர்சில்வர் டப்பா நிறையத் தட்டை கொண்டுவந்திருந்தாள். அம்மா சுட்டது, பொட்டுக்கடலையும் கறிவேப்பிலையும் போட்டது. ஹோஸ்ட் குடும்பத்துக்குக் கொடுக்கக் கொண்டுவந்த இன்னொரு டப்பாவை முதல் நாளே கொடுத்துவிட்டாள். அதில் பாதியைப் பையன் தின்று தீர்த்தான். தன்னுடையதை அலமாரிக்குள் துணிகளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். இரவு பத்து மணிக்கு மேல், எல்லோரும் படுத்த பிறகு, இரண்டு எடுத்துத் தின்பாள். வாயில் வைத்து ஊறவிட்டு மெதுவாகக் கடிப்பாளாம், சத்தம் கேட்காமல் இருக்க. ஐந்தாவது வாரம் தட்டை தீர்ந்தது. அதன் பிறகு டப்பாவின் அடியில் கிடந்த தூளை விரலால் தொட்டுத் தொட்டு இரண்டு நாள் ஓட்டியிருக்கிறாள்.

அறையைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் சனிக்கிழமை, அலமாரிக்குக் கீழே மிளகாய்த்தூள் வாசனையோடு துகள்கள் கிடப்பதை ஹோஸ்ட் அம்மா பார்த்தார். கதவைத் திறந்தால் காலி டப்பா. அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்துத்தான் எனக்குப் போன் செய்தார்.

வியாழக்கிழமை மாலை அந்த வீட்டுச் சமையலறையில் நான்கு பேர் உட்கார்ந்தோம். பையனை நண்பன் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்தேன். ரைபெகூகென் நாளை இருவரையும் சொல்லச் சொன்னேன், முதலில் அவள், அப்புறம் அவர். அவள் சொன்னதை நான் ஜெர்மனில் சொன்னேன், அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். ‘டாங்கே’ என்ற இடம் வந்ததும் ஹோஸ்ட் அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். “என் வீட்டில் ஒரு பிள்ளை பசியோடு படுத்திருக்கிறாள்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அர்ஜென்டினாவில் தன் மகளுக்கு இப்படி எதுவும் நடந்துகொண்டிருக்குமோ என்ற பயமும் அந்தக் கண்ணீரில் இருந்தது என்று நினைக்கிறேன். மாணவிக்கு அவரை அழவைத்துவிட்டோமே என்ற பதற்றம். எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள், வழக்கம் போல எதுவும் கூப்பிடாமல்.

அப்போது அவர் கேட்டார்: “உன் ஊரில் என் வயதுப் பெண்ணை எப்படிக் கூப்பிடுவாய்?” அத்தை, சித்தி, அக்கா என்று சொல்லி ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்து அக்காவை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் அக்கா.

மற்றவை எளிதாகத் தீர்ந்தன. ஃபிரிட்ஜில் ஒரு அடுக்கு முழுக்க அவளுக்கென்று ஒதுக்கினார்கள். அவள் தானாக எடுக்கப் பழகும் வரை அதுதான் உதவியது. கூடத்துக் கதவில் பையன் ‘உள்ளே வா, சூடாக இருக்கிறது’ என்று எழுதி ஒட்டினான். போன் பிரச்சினை யாரும் கை வைக்காமலே தீர்ந்தது. அந்த ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறு, கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். ஈரோட்டு ஒன்பதரை, மியூன்ஸ்டரில் ஐந்து மணி ஆயிற்று. பேசி முடித்து ஆறரைக்கு மேசைக்கு வர அவளுக்கு நேரம் இருந்தது.

என் தவறையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். செப்டம்பரில் நடந்த அறிமுக வகுப்பில், “அவர்கள் வீட்டு வழக்கத்துக்கு ஒத்துப்போங்கள், தொந்தரவாக இருக்காதீர்கள்” என்று மாணவர்களிடம் சொன்னவன் நான். தொந்தரவாக இருக்காதே என்று ஒரு தமிழ்ப் பெண்ணிடம் சொன்னால் அவள் பட்டினி கிடப்பாள் என்பது இந்த நாட்டில் இத்தனை ஆண்டு இருக்கும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது அந்த வாக்கியத்தை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் மேசையில் ஒரு தட்டு பிஸ்கட்டை வைத்து, ஒவ்வொருவரையும் ‘யா, கெர்னே’ என்று சத்தமாகச் சொல்லி எடுக்கச் சொல்கிறேன். குடும்பங்களுக்கான கூட்டத்தில், முதல் மாதம் மட்டும் எதையும் மூன்று தடவை கேளுங்கள் என்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். பரவாயில்லை.

குடும்பத்தை மாற்றுவது தவறே இல்லை. மாற்றியே ஆக வேண்டிய வீடுகளும் உண்டு. ஆனால் இந்த வீட்டில் அப்போதே மாற்றியிருந்தால், தன்னை யாருக்கும் பிடிக்காது என்ற நம்பிக்கையை அவள் அடுத்த வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போயிருப்பாள்.

ஹம் கோயில்

மியூன்ஸ்டரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் ஹம் நகரம். அதன் யூன்ட்ரோப் பகுதியில், தொழிற்கூடங்களுக்கு நடுவே, ஈழத்தமிழர்கள் கட்டிய ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. ஐரோப்பாவின் பெரிய இந்துக் கோயில்களில் ஒன்று. நவம்பரில் ஒரு சனிக்கிழமை ஹோஸ்ட் அப்பா அவளை அங்கே கூட்டிப்போனார், பையனும் கூட. நானும் போயிருந்தேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கிடங்குகளைத் தாண்டித் திரும்பியதும் ராஜகோபுரம் தெரிந்தது. அவள் காரில் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பூசை முடிந்து வெளியே வரும்போது, கம்பளிக்கு மேல் சேலை உடுத்திய ஒரு வயதான அம்மா அவளை நிறுத்தினார். “பிள்ளை எந்த ஊர்? சாப்பிட்டாச்சோ?” மூன்று மாதமாக யாரும் அவளிடம் தமிழில் நேருக்கு நேர் கேட்காத கேள்வி. அவள் பதில் சொல்லும் முன்பே கையில் ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் வந்துவிட்டது. அடுத்து அந்த அம்மா ஹோஸ்ட் அப்பா பக்கம் திரும்பினார். அவர் கைகூப்பி, “நைன், டாங்கே” என்றார். அம்மா தொன்னையை நீட்டினார். “மிக்க நன்றி, உண்மையிலேயே வேண்டாம்” என்றார், இந்த முறை முழு வாக்கியமாக, நல்ல ஜெர்மனில். “கொஞ்சம் எடுங்கோ” என்று அம்மா அவர் கையைப் பிடித்து விரித்து உள்ளங்கையில் வைத்துவிட்டார்.

ஆறடிக்கு மேல் உயரமான அந்த மனிதர், குளிர்ந்த தரையில் காலுறையோடு நின்று, கையிலிருந்த பொங்கலையும் பக்கத்தில் நின்ற பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாப்பிட்டார். முழுவதையும். திரும்பும் வழியில் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. “மூன்று தடவை கேட்பது என்றால் இதுதானா?” என்று மட்டும் கேட்டார். “ஆமாங்க” என்றாள் அவள், தமிழிலேயே.

பிப்ரவரியில்

மறுபடி அந்த வீட்டுக்கு நான் போனது பிப்ரவரியில், மாலை ரொட்டி நேரத்துக்கு. மேசையில் இப்போது ஒரு கிண்ணம் ரசமும் இருக்கிறது; வெள்ளிக்கிழமை அவள் சமையல். பள்ளியில் வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. முதல் பருவத்தில் அதில் பின்தங்கியிருந்தவள் இப்போது கை தூக்குகிறாள் என்று அக்கா சொன்னார். அவள் கூடையிலிருந்து மூன்றாவது துண்டை, பும்பர்நிக்கலை, தானாக எடுத்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அதைத் தின்று முடித்ததும் பையன் கூடையை அவள் பக்கம் தள்ளினான்.

“வேண்டாம்” என்றாள்.

அவன் கூடையை எடுக்கவில்லை. “தமிழ் வேண்டாமா, ஜெர்மன் வேண்டாமா?” என்று கேட்டான். அந்த வீட்டில் இது தினமும் கேட்கும் கேள்வி ஆகிவிட்டதாம்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஜெர்மன்” என்று சொல்லிவிட்டு, பலகையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.